ஓடுபாதையில் தடை

மளிகைக் கடையை மூடிவிட்டு
மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டால்
நான்தான் இந்தத் தீவின் விமான நிலையம்.

அறுபத்தொரு பேருக்கு ஒரு சரளைப் பாதை.
விமானம் இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது
பழைய ஜீப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஹாரனை அழுத்தியபடி போய்வருவேன்.
ஆலாக்கள் எழும்.
கிழித்தெறிந்த கடிதம்போல் வானமெல்லாம் வெள்ளை.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
பாதி வந்து உட்கார்ந்திருக்கும்.

மார்ச் கடைசியில், பனி இன்னும் விலகாத மேட்டில்,
பொன் உப்புக்கொத்தி ஒற்றைக் குரல் கொடுத்தது.
அன்று கடையில் யாரும் கடன் கேட்கவில்லை.
பிறகு சிப்பிபிடிப்பான்கள், சிவந்த அலகோடு,
தகராறு செய்வதற்கென்றே வந்த உறவினர்போல.
பஃபின்கள் ஒரு வாரம் கடலிலேயே மிதந்துகொண்டு
கரையை நம்பலாமா என்று யோசித்தன.
ஆலாக்கள்தான் கடைசி.
பூமியின் அடியிலிருந்து வருகின்றன,
பெட்டி இல்லை, படுக்கை இல்லை,
வந்த சூட்டிலேயே பாதிரியாரின் வழுக்கையைக் கொத்தின.
அவர் இப்போது தலைக்குமேல்
சூப் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.
உயரமானது எதுவோ அதைத்தான் கொத்தும்.
கரண்டிக்கு வலிக்காது.

இன்று மே பத்தொன்பது.
மூடுபனியால் இரண்டு நாளாக விமானம் இல்லை.
ஸ்வாலாவின் பெட்டி இரண்டு நாளாக
என் கடை வாசலில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்.
ஸ்வாலா என்றால் எங்கள் மொழியில் தகைவிலான்.
புயல் தள்ளிவிட்டால் ஒழிய
அந்தப் பறவை இந்தப் பக்கம் வருவதில்லை.
இவளோ இங்கேயே வளர்ந்தவள்,
முப்பத்தெட்டாவது வாரம்.

மூன்று மணிக்குப் பனி கிழிந்தது.
ஜீப்பை எடுத்தேன். நடுவழியில்
ஏதோ ஒன்று சக்கரத்துக்கு முன்னால் ஓடியது,
இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்து,
நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி இழுத்து.
நல்ல நடிப்பு. கழுத்தில் கறுப்புப் பட்டி,
உள்ளங்கைக்குள் அடங்கும் உப்புக்கொத்தி.

இறங்கித் தேடினேன்.
தேடியது தவறு; கல்லுக்கும் முட்டைக்கும்
வித்தியாசம் தெரிய முழங்கால் போட வேண்டியிருந்தது.
மூன்று.
கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை,
நாங்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டிய சரளையில்
மார்பை வைத்து அழுத்திய ஒரு குழி.

ரேடியோவில் ஓர்முர் கத்தினான்: பாதை சரியா?
இடப்பக்கம் நாலு மீட்டர் விட்டு இறக்கு என்றேன்.
ஏன்?
முட்டை.
கரகரவென்று சற்று நேரம் காற்று மட்டும்.
எத்தனை?
மூன்று.
சரி.

அவன் இறக்கினான், குடித்தவன் வீட்டுக்கு வருவதுபோல்,
வலது ஓரமாக.

ஸ்வாலாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனேன்.
கேட்டாள், காட்டு என்று.
குனிய முடியவில்லை, நின்றபடியே பார்த்தாள்.
நான் குத்திவைத்த மஞ்சள் கொடிக்கு ஓரடி தள்ளி
அந்தப் பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு
எங்களை வேறெங்கோ அழைத்துப்போகப் பார்த்தது.
"இதுக்கு மட்டும் இங்கயே பெத்துக்க
யார் அனுமதி குடுத்தாங்க?" என்றாள்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

உலகத்தின் பாதி முட்டையிட இங்கே வருகிறது.
நாங்கள் மட்டும் இரண்டு வாரம் முன்பே போய்
யாரோ ஒருவரின் சோபாவில் காத்திருக்கிறோம்.
என் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அறையின் ஜன்னலில்
கார் நிறுத்துமிடம் தெரிந்தது.
இரவு முழுக்க ஒரு தானியங்கிக் கதவு
திறந்து திறந்து மூடியது.
மருத்துவர் நல்லவர். குறை சொல்லவில்லை.

விமானம் ஏறியதும்
ஆலாக்கள் ஒருமுறை மொத்தமாக மௌனமாயின,
சில சமயம் அப்படிச் செய்யும், காரணம் தெரியாது,
பிறகு ஒரே நேரத்தில் கூச்சல்.
பெட்ரோல் வாடை அடங்குமுன்
உப்புக்கொத்தி ஓடிவந்து,
ஒரு முட்டையை அலகால் அரை அங்குலம் திருப்பி,
உட்கார்ந்தது.

படிவம் நிரப்ப வேண்டும்.
காற்று: வடமேற்கு. பார்வை தூரம்: ஆறு கிலோமீட்டர்.
ஓடுபாதையில் தடை: உண்டு, இல்லை,
தேவையற்றதை அடிக்கவும்.
பேனாவைப் பிடித்தபடி ஜீப்பில் இருக்கிறேன்.
நாலாவது முட்டை நாளையோ மறுநாளோ.
கடையில் யாரோ மணியை அடிக்கிறார்கள்,
பால் தீர்ந்திருக்கும்.